வீடு வந்திட்டுதா?

நுவரெலியாவுக்கு மூன்று நாள் பயணம். அதுக்கு அம்மா கட்டின பையைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. ஆளுக்குப் பத்து உடுப்பு. உடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதுக்குள்ளே எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கலியாணப் பதிவு, குடும்ப அட்டையின் பிரதி. "அம்மா, நாங்கள் என்ன கனடாவுக்கே போறம்?" என்று கேட்டோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் சிப்பை இழுத்து மூடினா.

போகும்போது எல்லாருக்கும் சந்தோசம். திரும்பி வாறதுதான் பாடு. சின்னப் பிள்ளைகளோட வானில் நீண்ட தூரம் வந்தவைக்கு விளங்கும். கண்டிக்கு வர முதலே சின்னவன் அக்காவின் மடியில் சத்தி எடுத்தான். தம்புள்ளையில் மூத்தவளின் பலூன் வெடித்தது, அரை மணித்தியாலம் அழுகை. வவுனியா தாண்ட அவளுக்கு ஒரு கேள்வி பிறந்தது: "வீடு வந்திட்டுதா?"

புளியங்குளத்தில் கேட்டாள். கனகராயன்குளத்தில் கேட்டாள். மாங்குளத்தில் அத்தானுக்கே கோபம் வந்துவிட்டது. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நாங்களும் நிற்பாட்டி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கினோம். கச்சான் முடியும் வரைக்கும்தான் அமைதி. ஆனையிறவில் திரும்பவும் தொடங்கிவிட்டாள். பளை தாண்டி முகமாலை வரும்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளைப் பேசினோம்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தா. "கேக்கட்டும், விடுங்கோ. இவள் ஒருநாள்தானே கேக்கிறாள். நீங்கள் அஞ்சு மாசம் கேட்டனீங்கள்."

2006 ஓகஸ்ட். பள்ளிக்கூட விடுமுறை. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக்குப் போய்வாறது ஒரு வழமையான காரியமாகிவிட்டிருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்குப் போனா. பத்து நாள் திட்டம். தெகிவளை மிருகக்காட்சிசாலை, கடற்கரை, புது உடுப்பு. அக்காவுக்குப் பதினொன்று, எங்களில் கடைசிக்கு நாலு வயது.

ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது. நாங்கள் இந்தப் பக்கம், அப்பாவும் வீடும் அந்தப் பக்கம்.

முதல் கிழமை, நாளைக்குத் திறப்பினம் என்று இருந்தார்களாம். இரண்டாவது கிழமை உடுப்புக் காணாமல் போனது. பள்ளிக்கூடம் தொடங்கும் நாளும் வந்து போனது. பெரியம்மா வீட்டில் இரண்டே இரண்டு அறை, அதுக்குள்ளே பத்துப் பேர். அப்பாவோடு ஒழுங்காகக் கதைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு விடியவும் நாங்கள் எழும்பிக் கேட்போமாம், "இண்டைக்கு வீட்ட போறமா?" என்று.

பிறகு திருகோணமலையிலிருந்து கப்பல் ஓடியது. ஆனால் பெயர் பதிய வேண்டும், யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று காட்ட வேண்டும். பதியப் போன இடத்தில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அது எங்கட வீட்டு அலுமாரிக்குள்ளே. வீட்டுக்குப் போறதுக்குத் தேவையான கடதாசி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதை எடுப்பித்து, திரும்பப் பதிந்து, முறை வர 2007 தை மாதமாகிவிட்டது.

கப்பலில் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சத்தி எடுத்தோமாம். காங்கேசன்துறையில் இறங்கி வீட்டுக்கு வந்தால், அப்பா மெலிந்து தாடியோட நிற்கிறார். கடைசி அவரிடம் போகாமல் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அப்போது அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசை. "அப்ப ஏனம்மா திரும்பி வந்தனீங்கள்?" என்று கேட்டோம். "வீடு இஞ்சதானே இருந்தது" என்றா.

கலைப்பீடத்தில் இடம்பெயர்வைப் பற்றிக் கதை வந்தால் நாங்கள் 1995 ஒக்டோபர் 30இல் இருந்துதான் தொடங்குவோம். வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் நடந்து போன கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. விடுமுறைக்குப் போய் வீட்டுக்கு வர முடியாமல் நின்ற கதையை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அம்மாவும் சேர்க்கவில்லை. "அது இடம்பெயர்வோ? நாங்கள் லீவுக்குத்தானே போனனாங்கள்" என்கிறா. இவ்வளவு காலமும் சொல்லாததற்கும் அதுதான் காரணம். அவவின் கணக்கில் அது சொல்லுற அளவுக்குப் பெரிய கதை இல்லை.

முகமாலை இப்போது எந்த வாகனமும் நிற்காத ஒரு இடம். போர் முடிந்து பல வருடமாகியும் கண்ணிவெடி அகற்றி முடியாமல் கிடந்த நிலம், யன்னலுக்கு வெளியே இருட்டாகப் போனது. அதுக்குப் பிறகு நாங்கள் மூத்தவளைப் பேசவில்லை. மிருசுவிலில் கேட்டபோது "இன்னும் கொஞ்சத் தூரம்" என்றோம். கொடிகாமத்தில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னோம். சாவகச்சேரியில் நித்திரையாகிவிட்டாள்.

கொக்குவிலுக்கு வரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. கேற் திறந்த சத்தத்துக்கு முழித்து, அரைக் கண்ணில் கேட்டாள். "வந்திட்டுதம்மா" என்று அம்மா தூக்கினா. பூட்டிக் கிடந்த வீட்டின் புழுங்கல் மணம், கட்டில் முழுக்கத் தூசு, தண்ணித் தாங்கியில் தண்ணியும் இல்லை. அந்த நேரத்திலும் அம்மா முதலில் செய்தது, ஃபைலை எடுத்து அலுமாரிக்குள் வைத்ததுதான்.

அடுத்த நாள் அதில் இருந்த எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து, இனிக் காவத் தேவையில்லை என்று காட்டினோம். "நல்லது" என்றா. ஆனால் அடுத்த பயணத்துக்கும் அது வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

உங்கட வீட்டிலும் இப்பிடி ஒரு ஃபைல் இருக்கலாம். ஏன் காவுறீங்கள் என்று சிரிக்காமல் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.