வகாரம் திரும்பி வந்தது

அன்பு மாணவர்களே, உறவுகளே, வணக்கம்.

இந்த 'வணக்கம்' என்ற சொல்லைத்தான் ஆறு வருடமாகப் பயந்து பயந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மேல்பல்லும் கீழுதடும் சேர்ந்தால்தான் வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லியிருப்பதை வகுப்பில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஈறு நோயில் மேல்வரிசைப் பல் முழுதும் போய், கழற்றி மாட்டும் பல் செட் வந்தபின் எனக்கு அந்த வகாரமே வினையாகிவிட்டது. 'வ' என்றால் செட் ஆடும். 'ச' என்றால் விசில் அடிக்கும்.

போன வருடம் மாணவன் ஒருவன் தன் கல்யாணத்துக்கு வாழ்த்துரை சொல்ல அழைத்தான். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். தம்பி, காரணம் இதுதான். மன்னித்துவிடு.

அதற்குப் பிறகுதான் நிலையான பல் கட்ட முடிவு செய்தேன். டாக்டர் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி இரண்டு மாதம் காக்கவைத்தார். பிறகு தாடையை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எலும்பு எங்கே கனம், மூக்கின் பக்கத்துக் காற்றறை எங்கே என்று கம்ப்யூட்டரில் காட்டினார். ஆறு டைட்டானியம் திருகுகளுக்கு இடமும் சாய்வும் அதிலேயே குறித்தார்கள். அதன்படி துளைகள் உள்ள ஓர் அச்சு செய்து, வாயில் பொருத்தி, அந்தத் துளை வழியாகவே துளையிட்டார்கள். "கம்ப்யூட்டர் இருந்தாலும் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே விலகும், அதற்கும் இடம் விட்டுத்தான் திட்டமிடுவோம்" என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1952-இல் முயல்களிடம் கண்டவர் ஸ்வீடனின் பிரோனமார்க். 1965-இல் அவர் பல் பதித்த முதல் மனிதருக்கு அது 40 வருடத்துக்கு மேல் உழைத்ததாம். எனக்கு எலும்பு பிடிக்க ஆறு மாதம் ஆனது. அதுவரை தற்காலிகப் பல், குழைந்த சோறு.

நிலையான பல் வந்தவுடனும் பேச்சு சரியாகவில்லை. மூன்று வாரம் கொல்லையில் உட்கார்ந்து பழைய பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். வீட்டில், "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை மாதிரி இருக்கு" என்று சிரித்தார்கள்.

கடைசியில் 14 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் கேள்வியே, சொற்களை உச்சரிக்கச் சிரமம் இருக்கிறதா என்பதுதான். 'இல்லை' என்று குறிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

செலவு சில லட்சம். எல்லாருக்கும் முடியாது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. சிதம்பரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டிக் கேளுங்கள். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் திருகு தோற்கும் வாய்ப்பு அதிகம். பதித்த பிறகும் அடியில் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அதைவிட, ஈறில் ரத்தம் வரும்போதே டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை.

அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள். பூம்புகாரிலிருந்து பஸ் ஏறி வந்து வாழ்த்துகிறேன், வகாரத்தோடு.

உங்கள் பழைய வாத்தியார்.