காயலோரம் ஒரு ஓட்டம், கூடவே கொஞ்சம் வம்பு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு வாலு,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே பேசியிருக்கிறாய். பாதி மூச்சிரைப்பு, பாதி மாமியார் புராணம். சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுவதற்கு மாசாமாசம் பணம் வேறு கட்டுகிறாய்! இங்கே எனக்கு ஓசியிலேயே ஒரு பாதை அமைந்துவிட்டது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

என் வீடு மட்டாஞ்சேரி என்பதால் பஜார் ரோட்டில் ஆரம்பிக்கிறேன். ஞாயிறு விடியற்காலை மட்டும்தான் சாத்தியம். மற்ற நாளில் லாரிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் தெருவை எடுத்துக்கொள்வார்கள், நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். காயல் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. கிடங்குகள் தண்ணீருக்கு முன்னால் வரிசையாக நின்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. எங்கேயாவது ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே இருட்டு, கடைசியில் ஒரு துண்டு வெள்ளித் தண்ணீர். அவ்வளவுதான் தரிசனம். வாசனை மட்டும் தாராளம்: சுக்கு, மிளகு, பழைய சாக்கு.

இந்த ஊர்க் கட்டடங்களைப் பற்றி உனக்கு ஒரு வம்பு சொல்ல வேண்டும். இங்கே ‘டச்சு அரண்மனை’ என்று ஒன்று இருக்கிறது. அதை 1555 வாக்கில் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது போர்ச்சுகீசியர்கள். ஒரு கோவிலைச் சூறையாடிவிட்டு, ராஜாவைச் சமாதானப்படுத்தக் கட்டிக் கொடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு. நூறு வருஷம் கழித்து வந்த டச்சுக்காரர்கள் ரிப்பேர் செய்தார்கள்; பெயரை அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்தில் யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம், 1568-ல் கட்டியது. அதன் மணிக்கூண்டு அதைவிடச் சாமர்த்தியம். அரண்மனைப் பக்கம் மலையாள எண்கள், ஆலயத்தின் பக்கம் ஹீப்ரு, வியாபாரிகளுக்கு ரோமன். ஆளுக்குத் தகுந்தபடி நேரம் சொல்லியிருக்கிறது, பாரேன்.

நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற இடத்தில் தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கக் கூட்டி வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் அங்கே வெளுக்கிறார்கள். பாதையை விட்டு விலகி ஒரு நாள் உள்ளே போனேன். இரட்டை முறுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கிளிப்பே கிடையாது, துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிட்டால் காயல் காற்றுக்கும் அசையாது. ஒரு பாட்டி என்னைத் தமிழில் விசாரித்தார். பிறகு என் ஓட்ட பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இதுல கஞ்சி நிக்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இஸ்திரிக்குத் திரும்பிவிட்டார். விலையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையும் சீன வலைகளும் உனக்குப் படத்திலேயே தெரியும், அதனால் தாண்டிப் போகிறேன். வாஸ்கோட காமாவைப் புதைத்த தேவாலயத்தையும்தான். 1524-ல் புதைத்தார்கள், பிறகு எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் இடத்துக்குத்தான் இவ்வளவு கூட்டம்.

அங்கிருந்து எர்ணாகுளத்துக்குப் படகு. இங்கேதான் எங்கள் ஓட்டக் கூட்டத்தின் பேங்க் மேனேஜர் கதை. ஓட்டத்தை அளக்கும் வாட்சைப் படகில் ஏறும்போது நிறுத்த மாட்டார். வில்லிங்டன் தீவு தாண்டி, ஜெட்டி வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் குரூப்பில் மேப்பைப் போடுவார். காயலின் நடுவே நேர்கோடு! தண்ணீர் மேல் ஓடிய ஒரே மனுஷன். யாரும் வாய் திறப்பதில்லை, எல்லோருக்கும் அவர் பிராஞ்சில் லோன் இருக்கிறது.

அந்த வில்லிங்டன் தீவும் கடவுள் போட்டதில்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் துறைமுக வாயை ஆழப்படுத்தும்போது தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. 1928-ல் பத்மா என்ற கப்பல் முதலில் உள்ளே வந்தது. அதற்கு முன்னால் பெரிய கப்பலெல்லாம் மணல் திட்டுக்கு வெளியே நிற்கும்.

படகை விட்டு இறங்கினால் மரைன் டிரைவ். மட்டாஞ்சேரி மறைத்து வைத்திருந்த தண்ணீர் இங்கே கைக்கெட்டும் தூரத்தில், நீளமான நடைபாதையோடு. ஓடுவதற்கு இதுதான் வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ பஜார் ரோடுதான். ஆனால் வம்புக்கு இந்தப் பக்கத்தை அடிக்க ஆளில்லை. முதலில் உன் ஊர் சமாச்சாரம்: நடைபாதைக்குப் பின்னால் இருக்கும் ஷண்முகம் ரோடு, கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயரில் உள்ளது. 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி. ஒரு காலத்தில் அந்த ரோடுதான் கரை. நான் ஓடுகிற இடமெல்லாம் அன்றைக்குத் தண்ணீர். 1980-களில்தான் தூர்த்து நடைபாதை போட்டார்கள்.

இங்கே ஒன்று கேள். 1913-ல் கொச்சி ராஜ்ஜியத்துப் புலையர் சமூகத்தினர் கூட்டம் போட நினைத்தார்கள். எர்ணாகுளத்துக் கரையில் அவர்கள் கூட இடமில்லை. ராஜாவின் மண்ணாம், தீட்டாம். பண்டிட் கருப்பன் என்கிற கவிஞர், மீனவ சமூகத்துக்காரர், முன்னின்றார். வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, காயல் நடுவில் கூட்டம் நடத்திவிட்டார்கள். மண்ணுக்குத்தானே தடை, தண்ணீருக்கு யாரும் சட்டம் எழுதவில்லை! காயல் சம்மேளனம் என்று இங்கே பெயர். அந்தப் பக்கம்தான் நான் குதிகால் தேய ஓடுகிறேன் என்று தெரிந்த அன்றைக்கு வேகம் தானாகக் குறைந்துவிட்டது.

எதிரே தெரியும் முளவுகாடு தீவில் பிறந்தவர் தாட்சாயணி. அவர் குடும்பத்து ஆட்கள் அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள். அவர் படித்தது இந்தப் பாதை முடிகிற மகாராஜாஸ் கல்லூரியில். 1845-ல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1875-ல் கல்லூரியாகி, நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்தது. வேதியியல் படித்தாராம். சோதனை செய்து காட்டும்போது வாத்தியார் பக்கத்தில் விடவில்லை, தூரத்தில் நின்று பார்த்தே 1935-ல் பட்டம் வாங்கினார். பதினோரு வருஷத்தில் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அங்கே இருந்த ஒரே தலித் பெண் அவர்தான், தாட்சாயணி வேலாயுதன். அந்த வாத்தியார் பெயரை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? இதற்கு நடுவே பண்டிட் கருப்பனும் அதே கல்லூரிக்கு வாத்தியாராகப் போய்விட்டார் என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

இன்றைக்கும் இந்தக் கரையில் யார் நிற்கலாம் என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது. 2014 நவம்பரில் இங்கே நடந்த ‘கிஸ் ஆஃப் லவ்’ நினைவிருக்கிறதா? முத்தம் கொடுக்க வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பல மடங்கு; போலீஸ் முத்தக்காரர்களைத்தான் வேனில் ஏற்றியது. இப்போதும் குடையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜோடிகளைக் கடக்கும்போது நான் பார்வையைத் தண்ணீருக்குத் திருப்பிக்கொள்வேன். என்னோடு ஓடும் மாடி வீட்டுச் சேச்சி திருப்பமாட்டாள். “அது வக்கீல் வீட்டுப் பையனல்லவா?” என்று நின்றேவிடுவாள். அவள் ஓடவே வருவதில்லை, கணக்கெடுக்க வருகிறாள்.

ஒரு எச்சரிக்கை: நடைபாதையில் உள்ள மழவில் பாலத்தடியில் கால்வாய் காயலில் சேருகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள். அதைத் தாண்டினால் காற்று சுத்தம். திரும்பி வந்து சுபாஷ் பார்க் மரநிழலில் நுழைந்து, ரோட்டைக் கடந்தால் கல்லூரியின் பழைய வளைவுகள். அங்கே ஓட்டம் முடியும், நாக்கு ஆரம்பிக்கும். நீ சைவம் என்பதால் மட்டாஞ்சேரி கய்யீஸ் பிரியாணி உனக்குக் கிடையாது. படகில் திரும்பி வந்து, அங்கே குஜராத்தி ரோட்டில் இனிப்பும் பாவும் வாங்கித் தருகிறேன்.

டிசம்பரில் வா, வெயில் கொஞ்சம் இரக்கமாக இருக்கும். ஷூ பழையதாக எடுத்து வா, பஜார் ரோட்டில் சாணியும் மீன் தண்ணீரும் உண்டு. உன் வீட்டுக்காரர் வருவதானால் அவர் ஓட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் வரிசை நீளமாக இருக்கும், டிக்கெட் எடுக்க ஒரு ஆள் தேவை.

உன்,
குட்டச்சி