சேற்றுக்கும் ஒரு பெயர் உண்டு

வடக்கு வேல்ஸில் பாலா ஊரிலிருந்து மேற்கே போகும் சாலையோரம் இறங்கியபோது காலை எட்டரை மணி. எதிரே அரெனிக் வாஹ் மலை. உயரம் 689 மீட்டர்தான். சாலைக்குத் தெற்கே 854 மீட்டரில் அரெனிக் வௌர். வேல்ஷ் மொழியில் வாஹ் என்றால் சின்னது, வௌர் என்றால் பெரியது.

வேலிக் கதவருகே நின்ற ஆட்டுக்காரர் தன் நாயிடம் வேல்ஷில் பேசினார், என்னிடம் ஆங்கிலத்தில். "பச்சைப் பசேலென்று இருக்கிற இடத்தில் மிதிக்காதீர்கள், ஹெதர் புதர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்" என்றார். பாதை கிடையாது, ஆட்டுத்தடம்தான். அரை மணி நேரத்தில் அவர் சொன்னதை மறந்தேன். முழங்கால் வரை உள்ளே போயிற்று. காலை உருவியபோது ஒட்டி வந்தது கறுப்புக் களி. முழுதாக மக்காமல் அழுந்திக் கிடக்கும் செடிகள்தான் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். நான் மிதித்தது பல நூறு ஆண்டுகளை.

மேலே மூடியிருந்த பாசியைக் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். ஈரத்துணிபோலத் தண்ணீர் கொட்டியது. வேல்ஷில் இந்தப் பாசிக்கு மிக்வின் என்று பெயர். பக்கத்திலேயே வெள்ளைப் பஞ்சாக ஆடிய கோரையை 'மேட்டுநிலத்தின் இறகுகள்' என்கிறார்கள்.

உச்சியில் காற்று நிற்கவிடவில்லை. வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் மிக்நைன்ட். அந்தப் பெயருக்கே சதுப்பு என்றுதான் பொருள். அந்தப் பக்கம் இறங்கினேன். மேய்ச்சலுக்காகச் சென்ற நூற்றாண்டில் நேர்கோடாக வெட்டிய வடிகால்கள் குறுக்கே வந்தன. வடிந்தால் களி காய்கிறது, காய்ந்தால் சேர்த்துவைத்த கரிமத்தைக் காற்றில் விடுகிறது. இப்போது பல வாய்க்கால்களை அதே களியால் அடைத்திருக்கிறார்கள். ஓர் அடைப்பின் பின்னே தேங்கிய குட்டையில் புதுப் பாசி மிதந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கீழே கெலின் ஏரி பளபளத்தது. லிவர்பூலின் தண்ணீருக்காக 1965இல் காப்பெல் கெலின் என்ற வேல்ஷ் கிராமத்தை, பள்ளியும் தேவாலயமுமாக, மூழ்கடித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். ஊர் போய்விட்டது, பெயர் ஏரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மலைகள் அடங்கிய தேசியப் பூங்கா, ஸ்னோடோனியா என்ற ஆங்கிலப் பெயரை விடுத்து எரரி என்ற வேல்ஷ் பெயரையே இனி முன்வைப்பதென 2022இல் முடிவெடுத்தது. தமிழில் எழுதும் நாமும் எரரி என்றே எழுதுவோம்.