ஜிப்சி எஞ்சினும் நாகை லேத்தும்

ஏப்ரல் 16, 2024 – செவ்வாய்

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாகை அக்கரைப்பேட்டையில் படகுகளைக் கரையேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் எங்கள் லேத் பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஷாஃப்ட், புஷ், கியர் பாக்ஸ், வாட்டர் பம்ப் என்று பட்டறை வாசலில் குவிந்துகொண்டே இருக்கும்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து ஒரு போன். விமானப் படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். தஞ்சாவூரில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்ககிட்ட பி.எஸ்.எஃப். டேப் செட் இருக்குன்னு சொன்னாங்களே சார், நிஜமா?"

டைகர் மோத் விமானத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பறக்கவிட இல்லை. ஸ்டாண்டில் ஏற்றி, மாணவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டத்தான். எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட்கள் துருவேறி முறிந்துவிட்டன, மரையும் கெட்டிருக்கிறது. அவர் ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் மரை வெட்ட மில்லிமீட்டர் டேப்தான் இருக்கிறதாம்.

இருக்கு சார், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 18 – வியாழன்

பரணிலிருந்து தாத்தாவின் மரப்பெட்டியை இறக்கினேன். டேப்புகள் எண்ணெய்த் துணியில் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1928இல் பட்டறையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு அவரும் போனார். இரண்டாம் உலகப் போரின்போது அதே பொன்மலையில் பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கும் பழுது பார்த்தார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் ஒரே பட்டறை. மரை அளவும் ஒரே வம்சம், விட்வொர்த்.

1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையில் பல்லின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் வாங்கும் மில்லிமீட்டர் போல்ட்டில் 60 டிகிரி. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) என்பது அதே 55 டிகிரிதான், பல் மட்டும் நெருக்கமாக இருக்கும். அதிர்வுக்குச் சட்டென்று தளராது என்பதால் பிரிட்டிஷ் கார்களிலும் விமானங்களிலும் அதைப் போட்டார்கள். கிட்டத்தட்ட அதே கனமுள்ள மில்லிமீட்டர் போல்ட்டை அதில் திருகினால் முதல் சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் உள்ள பல் மொத்தமும் சீவிக்கொண்டு வந்துவிடும்.

இந்த டேப்புகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்குத் தாத்தா மட்டும் காரணம் இல்லை. வயல்களும் காரணம். லிஸ்டர், ரஸ்டன், பீட்டர் என்று இங்கிலாந்து ஆயில் எஞ்சின்கள் டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் இறைத்திருக்கின்றன. அவற்றின் மரையும் இதுதான். கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கமிருந்து இப்போதும் வருஷத்துக்குச் சில வண்டியேறி வருகின்றன. விமானம் கட்டுகிற ஊரில் வழக்கொழிந்த கருவி, நெல் விளைகிற ஊரில் வேலையோடு இருக்கிறது.

ஏப்ரல் 19 – வெள்ளி

நாடாளுமன்றத் தேர்தல். காலையிலேயே ஓட்டுப் போட்டாயிற்று. பட்டறை விடுமுறை என்பதால் பெங்களூர்க்காரரோடு நிதானமாகப் பேச முடிந்தது. ஸ்பார்க் பிளக் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் 1930ஆம் வருஷத்துப் பந்தயத்தைச் சொன்னார்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு தருவதாக ஆகா கான் அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார் ஜே.ஆர்.டி. டாடா. இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார் ஆஸ்பி எஞ்சினியர், 17 வயதுப் பையன். எகிப்தில் அபூகீர் விமானத் தளத்தில் டாடா இறங்கியபோது ஆஸ்பி அங்கே முடங்கிக் கிடந்தார். எஞ்சினுக்குப் பிளக் இல்லை. அங்கே எந்தக் கடையில் போய் வாங்குவது? டாடா தன்னிடமிருந்த உபரிப் பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். நன்றிக்கு ஆஸ்பி தன் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பிதான். பின்னாளில் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி.

இருவரும் ஒரே வகை மோத் ஓட்டியதால்தானே அந்தப் பிளக் பொருந்தியது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கதை கேட்ட யாரும் இதைக் கேட்டதில்லை சார்" என்றார்.

ஏப்ரல் 26 – வெள்ளி

பார்சல் வந்தது: முறிந்த ஸ்டட் துண்டுகள், கைவரைபடம், எஞ்சினின் படங்கள்.

ஜிப்சி மேஜருக்கு நான்கு சிலிண்டர், 6.1 லிட்டர், 130 குதிரைத் திறன், காற்றுக் குளிர்ச்சி. வேடிக்கை என்னவென்றால் சிலிண்டர்கள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகின்றன. கிராங்க் ஷாஃப்ட் மேலே இருப்பதால் காற்றாடி உயரத்தில் சுழலும். தரையில் இடிக்காது, விமானியின் பார்வையையும் எஞ்சின் மறைக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தம் எட்டு. பிளக்குக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது வீடு சேர்க்கும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே இறங்கிச் சொட்டிக்கொண்டே இருக்குமாம். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்கிறார்.

பட்டறைப் பையன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோவை நேரா வைங்கண்ணே" என்றான்.

மே 1 – புதன்

மே தினம். பட்டறை பூட்டியிருந்தது. இன்று பெங்களூர்க்காரர் சொன்ன லிபரேட்டர் கதையை மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்கள் நான்கு எஞ்சின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்து, யாருக்கும் உதவக் கூடாது என்று புல்டோசரால் இடித்தும், எஞ்சினில் மணலைக் கொட்டியும் நாசமாக்கிவிட்டுப் போனார்கள். 1948இல் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. இவற்றை எழுப்ப முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூருக்குப் போய், ஒரு விமானத்தின் இறக்கையையும் இன்னொன்றின் சக்கரத்தையும் சேர்த்து, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒப்பேற்றினார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுப் பழுது நீக்கம் அங்கே. அந்த நவம்பரிலேயே 5ஆம் படைப்பிரிவு லிபரேட்டர்களோடு உருவானது. 1968 வரை நம் விமானப் படையில் பறந்தன. லண்டன் ராயல் விமானப் படை அருங்காட்சியகத்துக்கும், அமெரிக்காவின் பீமா அருங்காட்சியகத்துக்கும், கனடாவுக்கும் லிபரேட்டர் வேண்டியிருந்தபோது கொடுத்தது இந்தியாதான்.

உதிரிபாகம் எங்கே கிடைத்தது என்றேன். "பக்கத்தில் கிடந்த இன்னொரு லிபரேட்டரிலதான்" என்றார்.

மே 9 – வியாழன்

ரீனோ விமானப் பந்தயம் பற்றிப் பையனுக்குச் சொல்லிவைத்தது என் தப்பு. இன்று முழுக்க வேலை நடக்கவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் 1964இல் தொடங்கி, போன செப்டம்பரோடு அந்த ஊரில் நின்றுபோன பந்தயம். கம்பங்களைச் சுற்றித் தாழப் பறக்க வேண்டும். கடைசி நாளில் இரண்டு டி-6 விமானங்கள் மோதி விமானிகள் இருவரும் இறந்தார்கள். நம் விமானப் படையில் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஹார்வர்டும் அந்த டி-6 குடும்பம்தான்.

பெரிய வகுப்பில் ஓடியவை உலகப் போர்க் காலத்துப் போர் விமானங்கள். மஸ்டாங் விமானத்தின் மெர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர். பந்தயத்துக்காக, வடிவமைத்த அளவுக்கு மேல் முடுக்கினால் அதன் கனெக்டிங் ராட் தாங்காது. அதனால் போட்டி எஞ்சினாகிய அல்லிசனின் கனத்த ராடை எடுத்து மெர்லினில் பொருத்தினார்கள். சீ ஃப்யூரி விமானத்தின் சென்டாரஸ் எஞ்சினுக்கு வால்வுக்குப் பதில் ஸ்லீவ். பாகமும் அரிது, அதைத் திறந்து வேலை செய்யத் தெரிந்த கையும் அரிது. பலர் அதைக் கழற்றிவிட்டு அமெரிக்க எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். அதே சென்டாரஸ்தான் நம் விமானப் படையின் டெம்பெஸ்டிலும் இருந்தது. இங்கே ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த டெம்பெஸ்ட், ஸ்பிட்ஃபயர் கூடுகளைப் பிற்பாடு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வாங்கிப் போனார்கள்.

மெர்லின்களும் அல்லிசன்களும் பந்தயப் படகுகளிலும் ஓடியிருக்கின்றன என்றதும் வாசலில் பம்ப்போடு நின்ற படகுக்காரர் உள்ளே வந்துவிட்டார். "ஒரு மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?" என்பது அவர் கேள்வி.

மே 19 – ஞாயிறு

சென்னை போய்வந்தேன். ஸ்டட்டுக்கு இ.என்.24 எஃகு வாங்க வேண்டியிருந்தது. புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளிலும் ஒரு சுற்று. பி.எஸ்.எஃப். நட்டு கேட்டால் இளசுகள் முழிக்கின்றன. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் டப்பாவைத் தட்டிக் கொட்டினார்.

சென்னை என்றாலே ஒரு பழைய நினைவு: வாலிபத்தில் சோழவரம் கார் பந்தயம் பார்க்கப் போவோம். அதுவும் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான். விமானங்கள் போன பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. சோழவரத்தில் விஜய் மல்லையா ஓட்டிய ஃபார்முலா 1 கார் பார்க்கப் பிரமாதம், ஆனால் அதன் பாகம் கடல் தாண்டி வர வேண்டும். கோயம்புத்தூர் கரிவரதன் வேறு வழியில் யோசித்தார். தெருவில் ஓடும் மாருதியின் எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். கெட்டுப்போனால் பக்கத்துக் கடையில் பாகம் கிடைக்கும். நிறையப் பையன்கள் பந்தயத்துக்குள் வந்தது அப்படித்தான்.

மே 28 – செவ்வாய்

படகு வேலைகளுக்கு நடுவில் ஸ்டட் வெட்ட ஆரம்பித்தேன். எங்கள் பழைய லேத்தின் லீட் ஸ்குரூவே அங்குல அளவு. கியரை மாற்றினால் பி.எஸ்.எஃப். மரை அச்சாக விழும். மில்லிமீட்டர் லேத்தில் இதைச் செய்ய 127 பல் கியர் தேடிப் போக வேண்டும். விட்வொர்த் பல்லின் நுனியும் அடியும் உருண்டிருக்க வேண்டும். அடியைக் கூராக விட்டால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். ஆகவே லேத்தில் முக்கால் ஆழம் மட்டும் வெட்டி, மீதியைத் தாத்தாவின் டையால் முடித்தேன்.

பறக்கிற எஞ்சினாக இருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டேன். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த எஃகு, யார் செய்தது, யார் சோதித்தது என்று கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். பெங்களூர்க்காரரும் முதல் நாளே அதைச் சொன்னார். பெட்டியின் மேல் "தரையில் மட்டும்" என்று சிவப்பில் எழுதினேன்.

இரவு பதினொன்றுக்கு வீட்டுக்குப் போனால், "ஆகாய விமானத்துக்கு மரை போடுறேன்னு உங்க மரை கழண்டுடப் போகுது" என்றாள் மனைவி.

ஜூன் 6 – வியாழன்

ஸ்டட்டும் டேப்பும் போய்ச் சேர்ந்தன. டேப்பை இரவலாகத்தான் கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார். எஃகு விலையும் கூலியும் சொன்னேன். டேப் வாடகை என்று தனியாக அனுப்பியதைத் திருப்பிவிட்டேன். டேப்பைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினால் போதும்.

ஜூன் 12 – புதன்

காலையில் வீடியோ வந்தது. காற்றாடியைக் கையால் சுற்றிவிடுகிறார்கள், இரண்டு முறை இருமுகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் புகைக் கசிவு இல்லை. பையன் அதைப் பட்டறைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினான்.

வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள் இன்று. அணையில் தண்ணீர் போதாது, திறக்கவில்லை. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எஞ்சினை நம்பித்தான் இருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ஒரு லிஸ்டர் வந்து இறங்கிவிட்டது. இங்கிலாந்தில் செய்து ஓய்ந்துபோன இந்த வகை எஞ்சினுக்கு ராஜ்கோட்டில் இன்னும் பாகம் செய்கிறார்கள். லைனரும் பிஸ்டனும் அங்கிருந்து வரும்; ஸ்டட்டும் மரையும் எங்கள் வேலை. மரை கேஜை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, 55ஆ 60ஆ என்று அவனையே பார்க்கச் சொன்னேன். சரியாகச் சொன்னான்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து அடுத்த பட்டியல் வந்தது. இன்னொரு ஜிப்சிக்கு நட்டு, ஸ்டட், இரண்டு ஸ்பேனர். டேப்பை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். லிஸ்டருக்கு அது உடனே வேண்டும், நாளைக்கே கூரியரில் போட்டுவிடுங்கள், நாற்றுக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு உங்கள் வேலை என்று பதில் போட்டேன்.