பனியன் பெட்டியில் சிரித்தவர்



இன்று ஜட்டி, பனியன் விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன். "டீச்சருக்கு வேறு விஷயமே கிடைக்கலையா" என்று சிரிக்காதீர்கள்.

நான் சிறுமியாக இருந்த 1960களின் கடைசியில் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏரியும் நெல்லும்தான். தாத்தாவுக்குக் கோவணம். அப்பாவுக்குத் தையற்காரர் தைத்த பட்டாபட்டி. கடையில் வாங்குவது பனியன் மட்டும், அதுவும் தீபாவளிக்கு. அது வந்த அட்டைப்பெட்டியில் மீசைக்காரர் ஒருவர் மார்பை நிமிர்த்திச் சிரிப்பார். பனியன் கரித்துணியான பிறகும் பெட்டி இருக்கும். அம்மா அதில் ரேஷன் கார்டும் ஊசிநூலும் வைத்திருப்பார்.

வாரப் பத்திரிகையில் ஜட்டி விளம்பரம் வந்தால், "பொம்பளப் புள்ள என்ன பார்க்கிற, பக்கத்தைத் திருப்பு" என்பார் பாட்டி. ஆனால் கடையில் அளவு சொல்லி வாங்கியது அம்மா. துவைத்ததும் கிழிந்தால் தைத்ததும் அம்மா. அப்பாவுக்குத் தன் அளவே தெரியாது.

பிறகு டிவி வந்தது. 1980களில் வி.ஐ.பி. ஃப்ரெஞ்சி விளம்பரத்தில் நடிகர் தலீப் தாஹில் ரவுடிகளிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். 2007இல் அமுல் மாச்சோ விளம்பரத்தில் புதுப்பெண் ஒருத்தி படித்துறையில் கணவனின் ஜட்டியைக் கிறங்கிக் கிறங்கித் துவைத்தாள். ஆபாசம் என்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. நான் பார்த்த விளம்பரங்களில் பெண் பயப்படுவாள், இல்லையென்றால் மயங்குவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எண்ணிக் கொடுத்த அம்மாவை ஒன்றிலும் காணோம்.

இப்போது ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே கம்பெனிகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. பிறகு ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. செல்போன் கம்பெனியில் வேலைக்குப் போகும் என் மாணவி ஒருத்தி முதல் சம்பளத்தில் அவள் அப்பாவுக்கு அரை டஜன் பனியன் வாங்கினாள். "சட்டை போட்டா யாருக்குத் தெரியும்னு ஓட்டை பனியனோடவே இருந்து எனக்கு ஃபீஸ் கட்டினார் டீச்சர். 90 சென்டிமீட்டர், எனக்கு மனப்பாடம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விளம்பரம் எடுப்பவர்கள் இவளிடம் எப்போது பேசுவார்கள்?

பையன்களா, உங்கள் பனியன் அளவு உங்களுக்குத் தெரியுமா? அம்மாவைக் கேட்காமல் கமெண்டில் எழுதுங்கள் பார்ப்போம்!