தீபாவளி லிஸ்ட்டில் ஒரே வரி

தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பத்து வயதுப் பெண் பட்டுப் பாவாடை, வளையல் என்று கேட்பாள் என்றுதானே நினைப்போம்? எங்கள் வீட்டுப் பெண் 2025 தீபாவளிக்கு எழுதிக் கொடுத்த லிஸ்ட்டில் ஒரே ஒரு வரிதான். "சென்னையில் ஒரு மேட்ச்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கால்பந்துப் பைத்தியம் அவளுக்குத் தாய்ப்பாலோடு போனது!

2015 மார்கழி. தலைப்பிரசவத்துக்குப் பெரம்பலூரில் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தை பிறந்து பதினைந்து நாள். சென்னையில் வேலையாயிருந்த தம்பி, அந்த டிசம்பர் வெள்ளத்தில் அறை மூழ்கிப்போய், ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்திருந்தான். டிசம்பர் 20-ந் தேதி இரவு டி.வி. முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம், கோவாவில். எங்கள் சென்னையின் எஃப்.சி.யும் எஃப்.சி. கோவாவும்.

"வெள்ளத்தால சொந்த ஊர்ல செமிஃபைனல் ஆட முடியாம புனேல போய் ஆடி ஜெயிச்சாங்கக்கா" என்றான். மடியில் குழந்தையோடு நானும் பார்த்தேன். ஆட்டம் முடிகிற நேரம். கோவா 2, நாம் 1. தம்பி முகத்தை மூடிக்கொண்டான். தொண்ணூறாவது நிமிஷம் ஒரு கோல், அடுத்து மென்டோசா இன்னொன்று. 3-2! நான் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டது.

"பச்சை உடம்புக்காரி, இப்படியாடி கத்துவே?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து நான் அந்த நீலச் சட்டைக்காரர்களின் ஆள். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் ஊரிலேயே அதே 3-2 கணக்கில் ஜெயித்து மறுபடியும் கோப்பை வாங்கியபோது, பெருமை எனக்கும் கொஞ்சம் உண்டு என்றுதான் தோன்றியது. பெண் கொஞ்சம் வளர்ந்ததும் வருஷத்துக்கு ஒரு மேட்ச் என்று வழக்கமாகிவிட்டது. அரியலூரில் பல்லவன் ஏறுவோம். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். அதற்காக மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன்.

2025-ல்தான் அந்த வழக்கத்துக்குச் சோதனை வந்தது. போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிறது. புது ஒப்பந்தம் தெளிவாகாததால் ஜூலையிலேயே, 'இந்த வருஷப் போட்டி நிறுத்திவைப்பு' என்று சொல்லிவிட்டார்கள். சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. போட்டியை நடத்த டெண்டர் விட்டார்கள். நவம்பரில் ஒருவர்கூடக் கேட்டு வரவில்லை. மும்பை கிளப்பில் 2019-லிருந்து பெரும்பங்கு வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் டிசம்பரில் விலகிக்கொண்டது. அபிஷேக் பச்சனும் தோனியும் சேர்ந்து வாங்கிய நம் கிளப் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டே ஒரு நாள் புலம்பினேன். என்னவர் சிரித்தார். "அது என்ன உன் வீடா, நிலமா? யாரோ பணக்காரங்க வாங்குவாங்க, விப்பாங்க. உனக்கென்ன?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, நீங்க வேலை பார்க்கிற ஆலை கை மாறப் போகுதுன்னு பேச்சு வந்தப்ப நாம ரெண்டு மாசம் தூங்கினோமா? அது மட்டும் உங்க பேர்லயா இருந்துச்சு?"

அவர் பதில் பேசவில்லை. அந்த வருஷம் போனஸ் வருமா வராதா என்று தெரியாமல், துணிக்கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் நாங்கள். கணக்குப் புஸ்தகத்தில் நம் பேர் இல்லாத இடத்தில்கூட நம் பிழைப்பும் ஆசையும் மாட்டிக்கொண்டு கிடக்கிறதே!

யோசித்துப் பார்த்தேன். பெரம்பலூரில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் திரும்பவும் தனி! போர்டுதான் மாறி மாறி எழுதினார்களே தவிர, சந்தையும் திருவிழாவும் கோலம் போடும் வாசலும் எங்களுடையதாகவே இருந்தன. கால்பந்திலும் அப்படி நம்மிடம் மிஞ்சுகிற வாசல் எது?

பதிலைப் பெண்ணே சொன்னாள். "மேட்ச் இல்லாட்டி என்னம்மா? நான் விளையாடறேன். ஷூ வாங்கிக் குடு."

அத்தைக்குத்தான் மனசாகவில்லை. "பொம்பளைப் புள்ளைக்குக் காலு கையி ஒடிஞ்சா யார் கட்டிக்குவா?"

"அத்தை, பக்கத்துக் கடலூர்ப் பொண்ணு இந்துமதி இந்தியாவுக்கே ஆடினா. போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். மதுரை சேது எஃப்.சி.ப் பொண்ணுங்க 2019-ல அகில இந்திய லீக்கையே ஜெயிச்சாங்க" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கடலூர்ப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாரே பார்க்கணும்!

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன். சென்னைப் பணம், அடியில் குமிழ் வைத்த ஷூவாக மாறியது. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். துணைக்கு ஆள் வேண்டுமே என்று தாய்மார்கள் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு நாள் கடலை உருண்டையும் பானகமும். முதல் வாரம் முட்டி சிராய்த்து வந்தாள். அத்தைதான் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். மார்கழிக் காலையில் நான் கோலம் போடும்போது அவள் திண்ணையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுவாள்.

2026 ஜனவரி 6-ந் தேதி, லீக் பிப்ரவரி 14-ல் ஆரம்பமாகும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். துள்ளிக் குதித்தேன். "இந்தா, ஒரு மேட்சுக்குப் போகலாம். எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்றேன்.

பெண் விரல் விட்டு எண்ணினாள். "எங்களுக்கே ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கும்மா. அது இல்லாத நாளாப் பாரு."

பாட்டிலில் மறுபடி சில்லறை போட ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை அத்தையும் பத்து ரூபாய் போட்டார். யார் டிக்கெட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.