நிலக்கரிக்கு ஈடாக மனிதர்

இளையோர் கூட்டங்களில் ஐரோப்பிய ஒற்றுமையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் ஷூமன், அடினாவர், தே காஸ்பரி ஆகிய மூவரையும் நாம் எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். மூவரும் கத்தோலிக்க அரசியலாளர்கள். பகைநாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்து, போரின் வேரை அறுக்க முயன்றவர்கள். மேற்படிப்புக்காகப் பெல்ஜியத்தில் தங்கியிருந்தபோது மார்சினெல் என்னும் ஊருக்கு ஒருநாள் சென்று வந்தோம். அதன்பின் அப்பேச்சு நமக்கு முன்போல் எளிதாக வருவதில்லை.

போர் முடிந்த காலத்தில் பெல்ஜியத்திற்கு முதல் தேவை நிலக்கரியே. மற்றத் தொழில்கள் தழைக்கும்பொருட்டு அரசு அதன் விலையைத் தாழ்த்தியே வைத்தது. வல்லோனியாவின் சுரங்கங்களோ பழையவை. கரிப்படிவுகள் மெலிந்தவை, ஆழமானவை. விலையை உயர்த்த வழியில்லை. புதிய இயந்திரங்களில் பணம் போட உரிமையாளர்க்கு மனமில்லை. மலிவாகக் கிடைக்க வேண்டியது உழைப்பு ஒன்றே. உள்நாட்டார் குழிக்குள் இறங்கத் தயங்கினர். ஜெர்மானியப் போர்க்கைதிகள் இறக்கப்பட்டனர். அவர்களும் நாடு திரும்பும் நாள் நெருங்கியது.

1946 ஜூன் 23 அன்று இத்தாலியும் பெல்ஜியமும் உடன்பாடு செய்துகொண்டன. இத்தாலி 50,000 தொழிலாளரை அனுப்ப வேண்டும். அவர்தம் எண்ணிக்கைக்கேற்பப் பெல்ஜியம் நிலக்கரி விற்கும். அன்று இத்தாலியின் பிரதமர் தே காஸ்பரி. அவரைக் குறைகூற நமக்குத் துணிவில்லை. நாட்டில் கரியில்லை, வேலையற்றோரோ இலட்சக்கணக்கில். ஆயினும் ஆளுக்கு இவ்வளவு கரி என்னும் அந்தக் கணக்கு நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. சென்றவர்களுள் பலர் போர்க்கைதிகள் இருந்த கொட்டகைகளிலேயே குடியமர்த்தப்பட்டனர்.

1956 ஆகஸ்ட் 8 காலை. மார்சினெலின் புவா து காசியே சுரங்கத்தில், 975 மீட்டர் ஆழத்தில், கரிவண்டி ஒன்று கூண்டுக்குள் முழுதும் ஏறாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்நிலையிலேயே கூண்டு மேலெழுந்தது. வண்டி இடித்ததில் எண்ணெய்க் குழாயும் மின்கம்பிகளும் அறுந்தன, தீப்பற்றியது. அழுத்தக் காற்றுக் குழாயும் உடைந்து தீயை வளர்த்தது. 262 பேர் மாண்டனர்: இத்தாலியர் 136, பெல்ஜியர் 95, ஏனையோர் பிற நாட்டினர்.

நாம் போற்றிய ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் 1952 முதலே செயற்பட்டு வந்தது. ஜெர்மானிய, டச்சுச் சுரங்கங்களிடம் தீர்வை பெற்று, நலிந்த பெல்ஜியச் சுரங்கங்களைத் தாங்கியதும் அதுவே. சுரங்கப் பாதுகாப்புக்கென அதன் நிலையான குழு அமைந்தது 1957-இல்தான். பின்னர் மலிவான எண்ணெய் வந்தது. 1967-இல் புவா து காசியேவும் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம்.

அங்கே இறந்தோர் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தோம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களும் உண்டு. மனோபெல்லோ என்னும் இத்தாலிய ஊரின் திருமுகத் துணியைப் பற்றி அதற்கு முன்னரே நம் பங்கில் இருமுறை மறையுரை ஆற்றியிருந்தோம். அவ்வூரிலிருந்து வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இக்குழியில் மாண்டதை அன்றுதான் அறிந்தோம்.